மலை சரிந்து பிறக்கும் ஏரிகள்: மண்சரிவு, பூமியதிர்ச்சி, காட்டு மலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பித்த ஆண்டுகளில், மலைநிலங்களைப் பற்றிய பாடம் தொடங்கும் நாளில் வகுப்பில் ஒரு சிரிப்பொலி எழுவது வழக்கம். வாவியும் வயலும் கடலும் கண்டு வளர்ந்த பிள்ளைகள், "குடும்பிமலையைத் தவிர நாங்கள் மலையே கண்டதில்லையே, சேர்" என்பார்கள். ஆனால் பாடம் முடிவதற்குள் அவர்களே கேட்ட கேள்விகள் நல்ல கேள்விகள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை, வகுப்பில் சொன்னதைவிடச் சற்று விரிவான விடைகளுடன் இங்கே தருகிறேன்.

மண்சரிவினால் ஓர் ஏரி எப்படி உண்டாகிறது?

மலைப் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் ஒடுக்கமானவை. இருபுறமும் செங்குத்தான சரிவுகளும் அடியில் ஓர் ஆறும் இருக்கும். ஒரு பக்கச் சரிவு பெயர்ந்து விழும்போது பாறையும் மண்ணும் மரங்களும் ஒன்றாகப் பள்ளத்தாக்கின் குறுக்கே பாய்ந்து, எதிர்ச்சரிவில் மோதி ஏறி, அங்கேயே குவிந்து நின்றுவிடுகின்றன. ஆற்றுக்கு வழி அடைபட்டுவிடுவதால் நீர் பின்னோக்கித் தேங்குகிறது. முதலில் ஆற்றங்கரை மரங்களின் வேர்கள் மூழ்கும், பிறகு தண்டுகள், சில வாரங்களில் நுனிகள் மட்டும் பாய்மரங்களைப் போல வெளியே தெரியும்.

இதன் அளவை உணர்வதற்கு தஜிகிஸ்தானின் சரேஸ் ஏரியைப் பார்க்கலாம். 1911 பெப்ரவரி 18ஆம் திகதி பாமீர் மலைகளில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியில் ஒரு மலைச்சரிவு உடைந்து, உசோய் என்ற கிராமத்தைப் புதைத்து, முர்காப் ஆற்றை மறித்தது. அந்தக் குவியலின் உயரம் 500 மீற்றருக்கும் மேல். உலகில் உள்ள அணைகளில், மனிதர் கட்டியவற்றையும் சேர்த்து, அதைவிட உயரமானது இல்லை. அதன் பின்னால் தேங்கிய ஏரி சுமார் 60 கிலோமீற்றர் நீளமானது. நமது மட்டக்களப்பு வாவியும் ஏறத்தாழ அதே நீளம்தான். வித்தியாசம் ஆழத்தில் இருக்கிறது: வாவியின் பெரும்பகுதியில் தோணிக்காரர் கம்பு ஊன்றிச் செல்லலாம், சரேஸின் ஆழமோ 500 மீற்றர் வரை செல்கிறது.

பாமீர் வறண்ட மலை. அங்கே காடு இல்லை. காட்டுக்கு உதாரணம் வேண்டுமானால், அதே 1911ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்த மற்றொரு பூமியதிர்ச்சியால் கசகஸ்தானில் உருவான கைண்டி ஏரி இருக்கிறது. அங்கே மூழ்கிய ஊசியிலை மரங்களின் தண்டுகள் நூறாண்டு கடந்தும் நீரிலிருந்து நேராக நிமிர்ந்து நிற்கின்றன.

பூமியதிர்ச்சி இல்லாமலும் இது நடக்குமா?

நடக்கும். அடைமழை, பனி உருகுதல், ஆறு சரிவின் அடிவாரத்தை அரித்தல் என எதுவும் போதுமானது. பாகிஸ்தானின் ஹுன்சா பள்ளத்தாக்கில் 2010 ஜனவரி 4ஆம் திகதி ஆண்டுக்கணக்காக விரிந்துவந்த வெடிப்புகளைக் கொண்ட சரிவு விழுந்து 20 பேரைப் பலிகொண்டது. அத்தாபாத் ஏரி அப்படித்தான் பிறந்தது. காரகோரம் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி நீரில் மூழ்கியதால், 2015இல் சுரங்கப்பாதைகள் திறக்கப்படும் வரை வாகனங்களையே படகில் ஏற்றிக் கடந்தார்கள்.

இந்த இயற்கை அணைகள் ஏன் உடைகின்றன? எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்?

மட்டக்களப்பில் பிறந்தவருக்கு இதை விளக்குவது சுலபம். மாரியில் வாவி நிரம்பி வயல்களும் தாழ்நில வீடுகளும் மூழ்கும்போது முகத்துவாரம் வெட்டுவதை, அதாவது வாவி கடலைச் சேரும் வாயை அடைத்திருக்கும் மணல் திட்டை வெட்டித் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு முறை நான் அருகில் நின்று பார்த்தேன். பெக்கோ இயந்திரம் மணல் திட்டின் குறுக்கே, ஓர் ஆள் தாண்டக்கூடிய அகலத்தில் வாய்க்கால் ஒன்றை இழுத்துவிட்டு ஒதுங்கியது. முதலில் கணுக்காலளவு நீர் சோம்பலாகக் கடலை நோக்கி நகர்ந்தது. கூடி நின்ற சிலர் இது சரிவராது என்று வீட்டுக்குத் திரும்பினார்கள். பிறகு நீரின் நிறம் மாறிக் கலங்கியது. வாய்க்காலின் இரு ஓரங்களிலும் மணல் கட்டி கட்டியாகப் பிளந்து விழுந்தது. நின்ற இடத்தை விட்டு நாங்கள் பின்வாங்கிக்கொண்டே இருந்தோம். பொழுது சாய்வதற்குள் அது தோணி கடக்க முடியாத ஆறாகிவிட்டது.

மலையில் நிகழ்வதும் இதுவே. ஏரி நிரம்பிக் குவியலின் தாழ்ந்த இடத்தின் வழியாக வழியத் தொடங்கும். வழியும் நீர் மண்ணை அரிக்கும். அரிப்பினால் வாய் அகலமும் ஆழமும் பெறும். அதனால் இன்னும் அதிக நீர் பாயும். அந்த நீர் இன்னும் வேகமாக அரிக்கும். முகத்துவாரத்தில் வெளியேறும் நீரை ஏந்திக்கொள்ளக் கடல் இருக்கிறது. மலையில் கீழே இருப்பவை கிராமங்கள்.

நம் ஊர்க் குளக்கட்டுகளுக்கு இந்தக் கதி நேராமல் காப்பது கலிங்கு. உன்னிச்சைக் குளமோ உறுகாமக் குளமோ நிரம்பினால் அது வான் பாய்வதற்கென்று கல்லாலும் கொங்கிறீற்றாலும் அமைத்த இடம் இருக்கிறது. கட்டு அடுக்கடுக்காக இறுக்கப்பட்டிருக்கிறது. அம்பாறையில் இங்கினியாகலைக் குன்றுகளுக்கு இடையே கட்டப்பட்ட சேனநாயக்க சமுத்திரத்தின் அணையும் அவ்வாறே. மண்சரிவு அணைக்குக் கலிங்கும் இல்லை, மதகும் இல்லை, அதை இறுக்கியவரும் இல்லை. உடைந்துபோன 73 மண்சரிவு அணைகளைத் தொகுத்து 1988இல் வெளியான ஆய்வின்படி, அவற்றில் 27 வீதமானவை உருவாகி ஒரு நாள் கழிவதற்குள்ளும் ஏறத்தாழ பாதி 10 நாட்களுக்குள்ளும் உடைந்தன.

நிலைத்து நிற்பவையும் உண்டு. குவியல் ஆற்றின் நீளவாக்கில் மிக அகலமாக இருந்து, பெரும் பாறைகளைக் கொண்டிருந்து, வரும் நீர் முழுவதும் பாறை இடுக்குகளின் வழியே கசிந்து வெளியேறினால் ஏரி ஒருபோதும் வழியாது. சரேஸ் அப்படித்தான் நிற்கிறது. நியூசிலாந்தில் அடர்ந்த மழைக்காட்டின் நடுவே உள்ள வைகாரமொஆனா ஏரி, சுமார் 2200 ஆண்டுகளுக்கு முன் ஏற்பட்ட மண்சரிவினால் உருவாகி இன்றும் இருக்கிறது.

உடையப்போகும் அணையை முன்கூட்டியே அறிய முடியுமா?

முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் சான்று மிகப் பழையது. 1893 செப்டெம்பரில் இமயமலையின் கார்வால் பகுதியில் பிரஹி கங்கை ஆற்றை ஒரு மண்சரிவு மறித்து, கோஹ்னா ஏரியை உருவாக்கியது. நீர் எப்போது விளிம்பை எட்டும் என்பதைப் பொறியியலாளர்கள் கணித்தார்கள், பள்ளத்தாக்கு நெடுகிலும் தந்திக் கம்பி இழுத்தார்கள், பாலங்களைக் கழற்றினார்கள், மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். 1894 ஆகஸ்ட் இறுதியில் ஏரி உடைந்து கார்வாலின் ஸ்ரீநகர் (காஷ்மீரின் ஸ்ரீநகர் அல்ல) என்ற ஊரையே வாரிச் சென்றபோது இறந்தவர்கள் ஐவர் மட்டுமே. அவர்களும் அகற்றப்பட்ட பிறகு மீண்டும் அந்த இடத்துக்குத் திரும்பிய ஒரு குடும்பத்தினர். மிச்சமாக நின்ற சிறிய ஏரி 1970ஆம் ஆண்டு வெள்ளத்தில் முற்றாக அழிந்தது.

2008 மே 12ஆம் திகதி சீனாவின் வென்சுவான் பகுதியில் நிகழ்ந்த 7.9 அளவிலான பூமியதிர்ச்சி ஏராளமான அணை ஏரிகளை உண்டாக்கியது. அவற்றில் பெரியதான தாங்ஜியாஷானுக்குச் சாலை இல்லாததால் ஹெலிகொப்டரில் இயந்திரங்களைக் கொண்டுசென்று வாய்க்கால் வெட்டினார்கள். கீழே வசித்த இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். ஜூன் 10ஆம் திகதி நீர் அந்த வாய்க்காலை அரித்துக்கொண்டு வடிந்தது. முகத்துவாரம் வெட்டும் நம்மவர் செய்வதும் அதுவே: எங்கே, எப்போது உடைய வேண்டும் என்பதை நீரிடம் விட்டுவிடாமல் தாமே தீர்மானிப்பது.

காடு அடர்ந்திருந்தால் மலை சரியாது என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. மரத்தின் வேர்கள் மேல் மண்ணை, அதாவது ஒன்று இரண்டு மீற்றர் ஆழத்தை, வலைபோலப் பிணைத்து வைக்கின்றன. மழைக்குப் பெயரும் மேலோட்டமான சரிவுகளை இது பெரிதும் தடுக்கிறது. மரத்தை வெட்டிய மறுநாளே இந்தப் பிணைப்பு அறுந்துவிடுவதில்லை என்பது பலரும் அறியாத விடயம். அடிக்கட்டையின் வேர்கள் மெல்ல மெல்ல உக்கிப்போகும். புதிய மரங்களின் வேர்கள் அந்த இடத்தை நிரப்புவதற்கு முந்திய சில ஆண்டுகளே சரிவு மிக ஆபத்தாக இருக்கும் காலம். அதனால்தான் காட்டை அழித்தவர், "அழித்தும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொல்லிச் சில மாரிகள் கழிந்த பிறகு மலை இறங்கி வருகிறது.

ஆனால் பிளவு பத்து இருபது மீற்றர் ஆழத்தில், பாறைக்குள்ளேயே இருக்குமானால் வேரால் ஒன்றும் செய்ய இயலாது. பூமியதிர்ச்சியின்போது மலைமுகடுகள் அடிவாரத்தைவிடக் கடுமையாகக் குலுங்குகின்றன. முழுப் பாறைத்தொகுதியும் கழன்றால் காடு அதன் முதுகில் நின்றபடியே இறங்கும். காடு குற்றவாளியும் அல்ல, காவலாளியும் அல்ல என்ற நிலை அது.

சரிந்த காடு என்ன ஆகிறது?

இதற்கு சென்ட் ஹெலன்ஸ் மலையின் ஸ்பிரிட் ஏரியைவிடத் தெளிவான விடை இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் உள்ள இந்த எரிமலையின் வடக்குப் பக்கம், உள்ளே ஏறிய எரிகுழம்பால் வாரக்கணக்காக வீங்கியிருந்தது. 1980 மே 18ஆம் திகதி காலை 5.1 அளவிலான ஓர் அதிர்ச்சி அந்தப் பக்கத்தைக் கழற்றிவிட்டது. ஏறத்தாழ 2.5 கன கிலோமீற்றர் பாறை சரிந்தது. பதிவாகிய வரலாற்றில் நிலத்தில் நிகழ்ந்த மண்சரிவுகளில் அதுவே பெரியது. ஒரு பகுதி ஸ்பிரிட் ஏரிக்குள் விழ, ஏரி நீர் எதிர்க்கரைச் சரிவில் சுமார் 250 மீற்றர் உயரத்துக்கு ஏறி, எரிமலை வெடிப்பில் முறிந்து கிடந்த மரங்களை வழித்தெடுத்துக்கொண்டு திரும்பி இறங்கியது. இறங்கியபோது ஏரியின் அடி உயர்ந்திருந்தது. நீர்மட்டம் முன்பைவிட ஏறக்குறைய 60 மீற்றர் மேலே நின்றது. நீர் வெளியேறும் வழியும் அடைபட்டிருந்ததால், ஏரி உடையாமல் இருப்பதற்காக மலையைக் குடைந்து 1985இல் சுரங்கம் ஒன்று அமைத்தார்கள்.

அந்த மரங்களில் பல இன்றும் ஏரியில் மிதக்கின்றன. காற்று ஒரு பக்கமிருந்து வீசினால் பாய் விரித்ததுபோல் மறுகரையில் ஒதுங்கும்; காற்று மாறினால் இக்கரைக்கு வரும். சில மரங்கள் வேர்ப்பக்கம் கனத்து முதலில் அமிழ்ந்து, ஏரியடியில் நட்டுவைத்தவைபோல நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றைப் பிற்காலத்தில் காண்பவர் அங்கேயே முளைத்த காடு என்று எண்ணினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் சென்றவர்கள் நீரின் நடுவே வெளுத்த மரத்தண்டுகளையும் அவற்றின் மேல் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகங்களையும் பார்த்திருப்பார்கள். அது மனிதர் மூழ்கடித்த காடு என்றாலும், மூழ்கிய மரத்துக்கு வேறுபாடு தெரியாது: நீருக்குள் காற்று குறைவாதலால் தண்டு மெதுவாக உக்குகிறது, நீர்மட்டம் ஏறி இறங்கும் இடத்தில்தான் முதலில் இற்றுப்போகிறது.

மலை சரியாமலே பூமியதிர்ச்சி ஓர் ஏரியை மாற்றுமா?

மாற்றும். 1959 ஆகஸ்ட் 17ஆம் திகதி இரவு ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானாவில் நிகழ்ந்த பூமியதிர்ச்சி ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு பாடங்களையும் காட்டியது. ஹெப்கன் என்ற நீர்த்தேக்கத்தின் அடிநிலமே சாய்ந்ததால் வடகரை நீரில் அமிழ, தென்கரையின் படகுத்துறைகள் வறண்ட நிலத்தில் நின்றன. தட்டில் சுமந்த தண்ணீர்போல ஏரி முன்னும் பின்னும் அலைந்து அணைக்கு மேலாகவும் வழிந்தது. சற்றுக் கீழே ஒரு மலைச்சரிவு விழுந்து மடிசன் ஆற்றை மறித்துப் புதிய ஏரி ஒன்றை உண்டாக்கியது. அன்றிரவு 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆற்றங்கரையில் கூடாரமிட்டுத் தங்கியவர்கள்.

சீனாவின் ஜியுசைகோ பள்ளத்தாக்கின் நீலநிற ஏரிகள் வேறு வகையானவை. நீரில் கரைந்த சுண்ணாம்பு காலப்போக்கில் படிந்து தானே கட்டிய மெல்லிய அணைகளால் அவை தேங்கியிருக்கின்றன. 2017 ஆகஸ்ட் 8ஆம் திகதி நிகழ்ந்த பூமியதிர்ச்சியில் அவற்றில் ஒன்றின் அணை உடைந்து, ஏரி வடிந்து, சேற்றுத்தரை வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த அணை சில நொடிகளில் போனது.

ஏரிக்குள்ளேயே மலை விழுந்தால்?

2004 டிசெம்பர் 26ஐக் கண்ட கரையில் இந்தக் கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இத்தாலியின் வஜோன்ட் நீர்த்தேக்கத்தில் 1963 ஒக்டோபர் 9ஆம் திகதி இரவு, டொக் மலையின் காட்டுச்சரிவு முழுவதாக நீருக்குள் வழுக்கியது. எழுந்த அலை அணையைத் தாண்டிக் கீழேயிருந்த ஊர்களை அழித்தது. ஏறத்தாழ 2000 பேர் இறந்தார்கள். கொங்கிறீற்று அணை மட்டும் அப்படியே நின்றது, இன்றும் நிற்கிறது. நீர்த்தேக்கத்தை நிரப்பியதும் இறக்கியதுமே அந்தச் சரிவை நகர்த்தின என்பதால், அதை இயற்கையின் சீற்றம் என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

அதிர்ச்சி ஓய்ந்த பின்னும் ஏன் ஆண்டுக்கணக்கில் மலை சரிகிறது?

குலுங்கிய சரிவு விழாமல் நின்றாலும் அதன் உள்ளே வெடிப்புகள் இருக்கும். முன்பு தாங்கிய மழையை அதனால் இப்போது தாங்க முடியாது. விழுந்த கற்குவியல்களும் ஓடைகளில் தளர்ந்து கிடந்து, அடுத்த பெருமழையில் சேற்றாறாகப் புறப்படும். ஜியுசைகோவைப் பகுதியளவில் திறந்துவிட்டு 2018இல் மீண்டும் மூட நேர்ந்ததற்கு இதுவே காரணம். இந்த மண் முழுவதும் கீழேயுள்ள ஏரிகளில்தான் இறங்குகிறது. மண்சரிவு உண்டாக்கிய ஏரியை மண்சரிவின் வண்டலே தூர்த்து, ஒருநாள் சமதரைப் புல்வெளியாக்கிவிடுவதும் உண்டு.

பழைய பூமியதிர்ச்சிகளை ஏரிகளைக் கொண்டு அறியலாமா?

மூழ்கி இறந்த மரத்தின் கடைசி வளையம் அது இறந்த ஆண்டைச் சொல்கிறது. வொஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரைச் சுற்றியுள்ள மண்சரிவு ஏரிகளில் நின்ற மரங்களின் வளையங்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அவை பொ.ஆ. (கி.பி.) 923இன் இறுதிக்கும் 924இன் தொடக்கத்துக்கும் இடையில், ஒரே பருவத்தில் இறந்தன என்று 2023இல் காட்டினார்கள். எழுத்தில் எவரும் பதியாத பூமியதிர்ச்சி ஒன்றுக்கு இப்படிப் பருவம் வரை காலம் குறிக்க முடிந்திருக்கிறது.

இலங்கையில் இப்படி நடக்குமா? மட்டக்களப்பு, அம்பாறைக்கு ஆபத்து உண்டா?

இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை; எனவே மலையைக் கழற்றும் அளவிலான பூமியதிர்ச்சி இங்கே எதிர்பார்க்கப்படுவதில்லை. சிறு அதிர்வுகள் உண்டு: 2020இல் கண்டிக்கு அருகே திகனவிலும் 2023இல் புத்தல, வெல்லவாயப் பகுதிகளிலும் மக்கள் அவற்றை உணர்ந்தார்கள். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகத்தின் நில அதிர்வு நிலையங்களில் ஒன்று நமது அம்பாறையின் புத்தங்கலவில் இருக்கிறது.

இங்கே மலையை இறக்குவது மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன்கள் புதையுண்டன. 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலையகம் முழுவதையும் கீறிவிட்டது.

கரையோரச் சமவெளியில் வாழும் நமக்கு மலை வந்து விழாது. ஆனால் கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் பிறந்து, சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கி, கல்முனைக்குத் தெற்கே கடலை அடைகிறது. மேலே சரியும் ஒவ்வொரு சரிவின் மண்ணும் இந்த வழியாகவே கீழே வருகிறது. குளத்தின் அடியில் படியும் ஒவ்வோர் அங்குலமும் சிறுபோகத்துக்குத் தேக்கக்கூடிய நீரில் குறைகிறது.

மலையகத்துக்குப் போகும் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மழையளவை ஒட்டியது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் தயார்நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரங்கள், இதுவரை இல்லாத இடத்தில் கலங்கிய ஊற்று ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளிடம் நான் அழுத்திச் சொன்ன அறிகுறி இன்னொன்று. மழை விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும்போது, தங்கியிருக்கும் இடத்துக்குக் கீழே இரைந்து ஓடிய ஓடை திடீரென்று வற்றினால், மழை குறைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. மேலே எங்கோ அது மறிக்கப்பட்டிருக்கிறது. பையை எடுக்கவோ ஓடைப் படுக்கையை எட்டிப் பார்க்கவோ நிற்காமல், ஓடையிலிருந்து விலகிப் பக்கவாட்டில் மேடேற வேண்டும்.